காம்பராவை எண்ணாதீர்கள், குடும்பத்தை எண்ணுங்கள்

(பொகவந்தலாவையில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் துவைக்கவும் விறகு உடைக்கவும் பிள்ளைகளோடு இருக்கவும் உங்களுக்குக் கிடைப்பது இந்த ஒரு நாள்தான். அதையும் சங்கத்துக்குத் தந்துவிட்டு, இந்த மழையில் கொட்டியாகலையிலிருந்தும் கெம்பியனிலிருந்தும் கேர்க்கஸ்வோல்டிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். ஒரு காம்பராவில் எத்தனை பேர் இருக்கலாம்? அதைத் தீர்மானிப்பது யார்?

போன மாதம் ஒரு குடும்பம் நமது காரியாலயத்துக்கு ஒரு கடிதத்தோடு வந்தது. அவர்களுடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் சொல்லமாட்டேன். லயத்துக்குப் பின்னால் அனுமதி இல்லாமல் கட்டிய தகரக் கொட்டிலைப் பதினான்கு நாளில் அகற்ற வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. கொட்டில் எட்டடிக்குப் பத்தடி. ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். தானும் புருசனும் இரண்டு. மாமியார் மூன்று. மூத்த மகனும் மருமகளும் ஐந்து. கைக்குழந்தை ஆறு. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மகள் ஏழு. இருப்பது ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, பின்னால் ஒரு அடுப்படி.

"மகன் கலியாணம் கட்டின நாளிலேருந்து இவரு இஸ்தோப்புலதான் படுக்கிறாரு சார். மக அடுப்படியில பொகையில உக்காந்து படிக்கிறா. கொழந்தை அழுதா ஏழு பேரும் எழும்பணும். நாங்க என்ன பங்களாவா கட்டிட்டோம்?" என்று கேட்டார்.

தோழர்களே, இந்தக் கதை உங்களுக்குப் புதிது இல்லை. இங்கே இருக்கிற தலைவர்மாரில் பாதிப்பேர் வீட்டில் இதே கதைதான். அதனால்தான் இதை ஒரு குடும்பத்தின் வில்லங்கமாகப் பார்க்காமல், சங்கத்தின் கோரிக்கையாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பாய்க் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. நாம் விரித்துப் படுக்கும் பாய் ஆறடிக்கு மூன்றடி என்றால் 18 சதுர அடி. ஏழு பேருக்கு ஏழு பாய் விரிக்க 126 சதுர அடி வேண்டும். காம்பராவில் இருப்பதோ 120. அலுமாரியும் கட்டிலும் சாமிப்படமும் பிள்ளைகளின் புத்தகமும் எங்கே வைப்பது? இந்தக் கணக்கில் தப்பித்துக்கொள்ள ஒரே வழி, யாராவது வெளியே போவது. அப்படி வெளியே போகிறவர் யார்? வயதான அப்பா இஸ்தோப்புக்குப் போகிறார். இளைஞன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறான். படிக்கிற பிள்ளை சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறது.

இந்தக் காம்பரா ஏன் இப்படிக் கட்டப்பட்டது? கோப்பிக் காலத்தில் நமது பாட்டன்மார் பெரும்பாலும் ஆண்களாக, கூட்டமாக வந்து, பறிப்புக் காலம் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். அப்படி வந்து போகிறவர்கள் ஒதுங்குவதற்கு வரிசையாகக் கட்டியதுதான் லயம். பிறகு கோப்பி நோய் வந்து அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருசம் முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக இங்கேயே இருக்க வைத்தார்கள். பயிர் மாறியது, வேலை மாறியது, ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஊன்றிவிட்டார்கள். காம்பரா மட்டும் மாறவில்லை. தங்கிப் போகிறவனுக்குக் கட்டிய இடத்தில் நாம் கலியாணம் செய்து, பிள்ளை பெற்று, கிழவராகிச் சாகிறோம்.

துரைமார்களின் நாட்டில் என்ன நடந்தது?

நமக்கு லயம் கட்டித் தந்த வெள்ளைக்காரர்களின் சொந்த நாட்டில் 1935ஆம் ஆண்டு ஒரு வீடமைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வீட்டு நெருக்கடி என்றால் என்ன என்று அதில் கணக்குப் போட்டு எழுதினார்கள். 110 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள ஓர் அறைக்கு இரண்டு பேர். ஒரு வயது நிறையாத குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அரை ஆள். கணவன் மனைவியைத் தவிர, பத்து வயதுக்கு மேற்பட்ட ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்க வேண்டிய நிலை இருந்தால் அதுவும் நெருக்கடிதான். அந்தக் கணக்கு இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கோலை எடுத்து நமது காம்பராவை அளந்து பாருங்கள். 120 சதுர அடி, இரண்டு பேர். புதிதாகக் கலியாணமான ஒரு பையனும் பிள்ளையும் இருக்கலாம். குழந்தை பிறந்தாலும் இருக்கலாம். அந்தக் குழந்தையின் முதலாவது பிறந்தநாளோடு காம்பரா நிரம்பிவிடும்! அதே காலத்தில் அதே ஆட்சிதான் இங்கேயும் நடந்தது. அங்கே ஒரு கோல், இங்கே ஒரு கோல்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிள்ளை வளர்ந்ததால் வீடு நிரம்பினால் அது குடியிருப்பவனின் குற்றம் ஆகாது. மாற்று வீடு வேண்டும் என்று அவன் உள்ளூராட்சி மன்றத்துக்கு விண்ணப்பித்திருந்தால் போதும். குடும்பம் என்றால் வளரும் என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. நமக்கு வருகிற கடிதம் அதை ஒப்புக்கொள்வதில்லை.

ஆட்களை எண்ணும் சட்டம் வேண்டுமா?

அப்படியானால் இங்கேயும் "ஒரு காம்பராவுக்கு இத்தனை பேர்தான்" என்று சட்டம் கேட்போமா? இளைஞர் அணியில் ஒரு தம்பி என்னிடம் இப்படிக் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

கொழும்பில் வேலை செய்யும் நமது பிள்ளைகளைக் கேளுங்கள். வாடகைக்கு வீடு தேடிப் போனால் "எத்தனை பேர்? பிள்ளைகள் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவில் வாடகை மாடிவீடுகளுக்கு, ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர் என்ற அளவைச் சொந்தக்காரர்கள் பரவலாகப் பின்பற்றுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது குழந்தை பிறந்ததும் குடும்பத்தையே வெளியே போகச் சொல்வதற்கும் அந்த அளவைக் காட்டலாம். பிள்ளைகள் இருக்கிற குடும்பத்துக்கு வீடு மறுக்கக் கூடாது என்று 1988இல் அங்கே சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

நமது தோட்டத்தில் ஆள் கணக்கு வைத்தால் என்ன நடக்கும்? மாற்று வீடு இல்லாத இடத்தில் "காம்பராவுக்கு நாலு பேர்" என்று வந்தால், மிச்சம் மூன்று பேர் எங்கே போவார்கள்? தோட்டத்தில் பேர் பதியாத பிள்ளைகளைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். இன்று லயத்தில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் செக்ரோலில் இல்லை. அவர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், கடையில் நிற்கிறார்கள், ஆசிரியராக இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த வீடு இது. ஆகவே நாம் கேட்க வேண்டியது ஆளுக்கு உச்ச அளவு அல்ல, குடும்பத்துக்குக் குறைந்த அளவு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, இவ்வளவுக்குக் குறையாத இடம், வளர்ந்தால் கூட்டிக் கட்டும் உரிமை.

இது நாம் இட்டுக்கட்டிய கோரிக்கை இல்லை. சர்வதேச தொழில் அமைப்பின் 1958ஆம் ஆண்டுப் பெருந்தோட்டங்கள் பற்றிய 110ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது. தோட்ட வீட்டின் குறைந்த பரப்பு, காற்றோட்டம், இஸ்தோப்பு, சமையல் இடம், தண்ணீர், மலசலகூடம் எல்லாவற்றுக்கும் அரச அதிகாரிகள் அளவு வகுக்க வேண்டும், அதற்குத் தொழிலாளர் பிரதிநிதிகளையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அந்தச் சமவாயம் சொல்கிறது. 1961இல் வந்த 115ஆம் இலக்கச் சிபாரிசு இன்னும் ஒரு படி மேலே போய், வேலை கொடுப்பவனே வீட்டுக்கும் சொந்தக்காரனாக இருப்பது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்கிறது. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்கிற கிலோவைத்தான் பறிக்க வேண்டியிருக்கிறது.

கம்பனியும் குத்தகைக்காரன்தான்

"இது கம்பனிக் காணி" என்று நம்மிடம் சொல்வார்கள். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது, பிறகு நீண்டகாலக் குத்தகை எழுதப்பட்டது. காணி இன்னும் அரசுக்குச் சொந்தம். கம்பனியும் ஒரு குடியிருப்பாளன்தான். அவர்களிடம் 53 வருடக் காகிதம் இருக்கிறது. நம்மிடம் ஐந்து தலைமுறை இருக்கிறது, காகிதம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

காகிதம் இல்லாதவன் நிலை என்ன என்பதை 2023 ஆகஸ்ட் மாதம் நாடே பார்த்தது. மாத்தளை எல்கடுவ, றத்வத்த தோட்டத்தில் ஒரு குடும்பம் இருந்த தற்காலிகக் குடிலை உதவி முகாமையாளர் ஒருவர் உடைத்த காணொளி எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் வந்தது. நாடாளுமன்றத்திலும் பேசினார்கள். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து முடித்த அதே மாதத்தில்தான் அது நடந்தது.

சட்டம் நம்மை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. தெரிந்து வைத்திருங்கள். 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, தொழிலாளியின் வேலையை நிறுத்தினாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் குடியிருப்பிலிருந்து அவரை எழுப்ப முடியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த தடையைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று சபைகள் நெடுங்காலம் கைவிரித்தன. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இப்போது நமக்கு நோர்வூட்டில் ஒரு பிரதேச சபை இருக்கிறது. அதே 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கென்று ஒரு அதிகார சபையும் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. கதவுகள் இருக்கின்றன. தட்டத்தான் ஆள் வேண்டும்.

புதிய வீடும் பழைய கணக்கும்

தனி வீடுகள் வரத் தொடங்கியிருப்பது பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 7 பேர்ச்சஸ் காணி என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடியில் வீடு. நம் காம்பராவைப் போல நாலரை மடங்கு. மிச்சக் காணியில் ஒரு அறை கூட்டலாம், கறிவேப்பிலை நடலாம், இரண்டு கோழி வளர்க்கலாம்.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். இந்தியப் பிரதமர் 2017 மே 12ஆம் திகதி நமக்குப் பக்கத்திலே நோர்வூட் மைதானத்தில் நின்று, முன்பு அறிவித்த 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் என்று சொன்னார். நீங்களும் நானும் கை தட்டினோம். அந்த 10,000இல் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கான வேலை 2024 பெப்ரவரியில்தான் ஆரம்பிக்கப்பட்டது. அன்று மைதானத்தில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. குடும்பம் பத்திரத்துக்காகக் காத்திருந்து வளர்வதில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதை நாமே நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பட்டியல் வரும்போது நாம் எப்படி எண்ணுகிறோம்? "இந்த லயத்தில் பத்துக் காம்பரா, பத்து வீடு" என்று எண்ணுகிறோம். அந்தப் பத்துக் காம்பராவில் பதினெட்டுக் குடும்பம் இருக்கலாம். பத்து வீடு கட்டி லயத்தை உடைத்தால் எட்டுக் குடும்பம் மறுபடியும் இஸ்தோப்பில்தான். அண்ணனுக்கு வீடு கிடைத்து தம்பிக்கு இல்லையென்று, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதை நான் இந்தப் பள்ளத்தாக்கிலேயே பார்த்திருக்கிறேன். துரை காம்பராவை எண்ணினால் கோபப்படுகிறோம். நாமும் காம்பராவைத்தானே எண்ணினோம்?

சங்கத்தைப் பார்த்து, கட்சியைப் பார்த்துப் பெயர் சேர்த்த காலமும் உண்டு. எல்லாச் சங்கமும் செய்தது, நாமும் செய்தோம். மண்சரிவு ஆபத்தில் இருக்கிறவன் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறான் என்று மலை பார்ப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு வீடு இருந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

அதனால் கொட்டில் கட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெருக்கடியில் கட்டுகிறோம், அது நமது குற்றமில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டிக் கட்டாதீர்கள். தண்ணீர் ஓடுகிற கானை மறைத்துக் கட்டாதீர்கள். ஒரு மின்மானியிலிருந்து மூன்று வீட்டுக்குக் கம்பி இழுக்காதீர்கள். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு ஒரு லயத்தையே எரித்ததை எத்தனை தடவை பார்த்துவிட்டோம். நிர்வாகம் "பாதுகாப்பு" என்று சொல்லி உடைக்க வருவதற்கு நாமே காரணத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

நமது மாவட்டக் குழு முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, வீட்டுத் திட்டங்களில் காம்பராவை எண்ணாமல் குடும்பத்தை எண்ண வேண்டும். கலியாணம் செய்த ஒவ்வொரு சோடியும், பிள்ளைகளோடு தனியாக வாழும் ஒவ்வொரு தாயும் ஒரு குடும்பம். செக்ரோலில் பேர் இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. இரண்டு, வீடு கிடைக்கும் வரை, ஆபத்தில்லாத இடத்தில் ஒரு அறை கூட்டிக் கட்ட எழுத்தில் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தால் இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு தவணை வேண்டும். மூன்று, கொடுத்த வீட்டுக்கும் கொடுக்கப்போகும் வீட்டுக்கும் காணி உறுதி வேண்டும், அதில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். நான்கு, மாற்று வீடு காட்டாமல் எந்தக் கொட்டிலையும் உடைக்கக் கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தங்கள் பிரிவில் லயம் லயமாகப் போய் எழுத வேண்டும். காம்பரா எண், அதில் எத்தனை குடும்பம், ஒவ்வொருவருடைய வயது, பரீட்சை எழுதும் பிள்ளைகள், நோயாளிகள், பின்னால் மண்மேடு இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா. வேறு சங்கத்துக்காரர் வீட்டையும் எழுதுங்கள். இதில் மாதர் சங்கத் தலைவிகள் முன்னால் நிற்க வேண்டும். வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பது ஆம்பிளைகளை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குமர்ப்பிள்ளை உடுப்பு மாற்ற இடமில்லாத வேதனையை ஒரு தலைவரிடம் எந்தத் தாயும் சொல்லமாட்டாள், உங்களிடம் சொல்லுவாள்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கலியாணப் பதிவும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். நாளைக்குப் பட்டியலில் ஒரு குடும்பத்தைக் காட்டுவதற்கு இந்தக் காகிதங்கள்தான் சாட்சி. நிர்வாகம் கடிதம் தந்தால் வாயால் சண்டை பிடிக்காதீர்கள், விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், அன்றைக்கே காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். கூட்டிக் கட்ட வேண்டியிருந்தால் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தாலும் அந்தக் கடிதம் நாளைக்கு நமக்கு உதவும்.

முதலில் சொன்ன அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நாங்கள் பதில் எழுதினோம். சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். போய்ப் பார்த்தபோது கொட்டிலின் ஒரு மூலை கானில் இருந்தது. அதை மாற்றிக் கட்டுங்கள் என்று நாமே சொன்னோம், இரண்டு நாளில் மாற்றினார்கள். பதினான்கு நாள் கடந்துவிட்டது. கொட்டில் நிற்கிறது. அந்தப் பிள்ளை அதில் மேசை போட்டுப் படிக்கிறது. ஆனால் அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. நாளைக்கு வேறொரு துரை வந்தால் வேறொரு கடிதம் வரலாம். அதனால்தான் இந்தக் கொட்டில் நிற்பதை நான் வெற்றி என்று சொல்லவில்லை.

பொகவந்தலாவையைத் தேயிலையின் தங்கப் பள்ளத்தாக்கு என்று உலகத்துக்கு விளம்பரம் செய்கிறார்கள். அந்தத் தங்கத்தை எடுத்துக் கொடுக்கிறவள் இரவில் காலை நீட்டிப் படுக்க இடம் கேட்கிறாள். அவளுக்கு இடம் எடுத்துத் தருவதற்கு முதலில் நம் கையில் ஒரு சரியான பட்டியல் வேண்டும். கொப்பி காரியாலயத்தில் இருக்கிறது. போகும்போது தலைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.